டியூப் லைட்டுக்குப் பதில் எல்.ஈ.டி.: விலையைக் கேட்கும் முன் பிட்டிங்கைத் திறந்து பாருங்கள்

அலுவலகத்தில் இருக்கும் டியூப் லைட்டெல்லாம் இனிச் சட்டவிரோதமா? உடனே கழற்ற வேண்டுமா? எல்.ஈ.டி. டியூப் வாங்கி அப்படியே மாட்டினால் போதுமா, பிட்டிங்குக்குள், அதாவது டியூப்பைத் தாங்கும் கூட்டுக்குள், வயரிங்கையும் மாற்ற வேண்டுமா? கொழும்பில் சிறு நிறுவனம் நடத்தும் பலருக்கு இந்த மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. முதல் இரண்டுக்கும் பதில் சுலபம். மூன்றாவதில்தான் காசும் ஆபத்தும் இருக்கின்றன. கட்டுரையின் பெரும்பகுதி அதற்கே போகும்.

தடை எதன் மேல்?

பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா சமவாயம் 2013இல் ஏற்கப்பட்டு 2017 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. மினமாட்டா ஜப்பானின் கரையோர ஊர். அங்கே ஒரு தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசம் மீனுக்குள் போய், அந்த மீனைச் சாப்பிட்டவர்களின் நரம்புகளைச் சிதைத்தது. பெயர் அங்கிருந்து வந்தது. இலங்கையும் இந்தச் சமவாயத்தில் ஓர் உறுப்பு நாடு. 2023 நவம்பரில் ஜெனீவாவில் முடிந்த மாநாட்டில் நீள டியூப்களை நிறுத்தவும் நாள் குறித்தார்கள்:

1. ஹேலோபொஸ்பேட் பூச்சுள்ள பழைய ரக டியூப்: 2026.
2. ட்ரைபொஸ்பர் பூச்சுள்ள தரமான ரக டியூப்: 2027.

உங்களிடம் இருப்பது எது என்று டியூப்பின் முனையில் அச்சடித்த எண் சொல்லும். 840, 865 என்று 8இல் தொடங்கினால் ட்ரைபொஸ்பர். 765 அல்லது 54 என்று இருந்தால் ஹேலோபொஸ்பேட். மலிவாகக் கிடைக்கும் நீலவெள்ளை டியூப்கள் பெரும்பாலும் ஹேலோபொஸ்பேட்தான்.

தடை உற்பத்திக்கும் இறக்குமதிக்கும் ஏற்றுமதிக்கும். கூரையில் எரிந்துகொண்டிருக்கும் டியூப்பை யாரும் வந்து கழற்றச் சொல்லப் போவதில்லை. கடையில் ஏற்கெனவே இருக்கும் சரக்கை விற்பதையும் சமவாயம் தடுக்கவில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஓகஸ்டிலேயே இந்த டியூப்களைச் சந்தைக்கு விடுவதை நிறுத்திவிட்டது. மற்ற நாடுகளும் நிறுத்தும்போது இங்கே சரக்கு குறையும், விலை ஏறும். நெருக்கடி அந்த வழியாகத்தான் வரும். "நாளைக்குள் மாற்றாவிட்டால் தண்டம்" என்று சொல்லி விற்க வருபவரை நம்ப வேண்டியதில்லை.

பழைய டியூப் எப்படி எரிகிறது

கண்ணாடிக் குழாய்க்குள் சில மில்லிகிராம் பாதரசம். மின்சாரம் பாயும்போது அதன் ஆவி 254 நானோமீட்டர் புறஊதாக் கதிரை வெளிவிடுகிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. குழாயின் உட்புறப் பூச்சு அந்தக் கதிரை வாங்கி வெளிச்சமாக மாற்றித் தருகிறது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஆவி ஒருமுறை மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிட்டால் தன்னால் நிற்காது, மேலும் மேலும் மின்சாரத்தை இழுக்கும். 230 வோல்ட்டில் நேரடியாகக் கொடுத்தால் டியூப் நொடியில் போய்விடும். அதைக் கட்டுப்படுத்தத்தான் சோக். செப்புக் கம்பி சுற்றிய இரும்புக் கட்டி அது. தொடக்கத்தில் முனைகளைச் சூடாக்கி, ஓர் உதை கொடுத்து எரிய வைப்பது ஸ்டார்டர். பிந்திய பிட்டிங்குகளில் இரண்டின் வேலையையும் எலெக்ட்ரானிக் பலாஸ்ட் என்ற ஒரே பெட்டி செய்துவிடும்.

எல்.ஈ.டி. டியூப்புக்கு இது எதுவுமே தேவையில்லை. அதற்குள்ளேயே டிரைவர் என்று ஒரு சிறு சர்க்கியூட் இருக்கிறது. ஆக, புது டியூப் வரும்போது பழைய பிட்டிங்கில் இருப்பதெல்லாம் அதற்கு உதவாத சாமான். அந்தச் சாமானை என்ன செய்வது என்பதில்தான் எல்லாக் குழப்பமும் பிறக்கிறது.

உங்கள் பிட்டிங்கில் இருப்பது எது?

ஏணி போட்டு ஏறும் முன் கீழே நின்றே ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

1. சுவிட்சைப் போட்டதும் இரண்டு மூன்று முறை மின்னி எரிகிறதா? பிட்டிங்கின் பக்கத்தில் விரல் பருமனில் வெள்ளை உருளை ஒன்று தெரிகிறதா? அப்படியானால் சோக், ஸ்டார்டர் வகை.
2. மின்னாமல் எரிகிறது, உருளையும் இல்லை. பெரும்பாலும் எலெக்ட்ரானிக் பலாஸ்ட்.
3. சந்தேகமாக இருந்தால் கைபேசிக் கேமராவைத் திருப்பிப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் சோக்: அது விநாடிக்கு 100 தடவை துடிக்கிறது. எலெக்ட்ரானிக் பலாஸ்ட் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை துடிப்பதால் பட்டை தெரியாது.

குழாயின் பருமனையும் அளந்துகொள்ளுங்கள். டி12 என்றால் விட்டம் 38 மி.மீ., டி8 என்றால் 26, டி5 என்றால் 16. எண் அங்குலத்தின் எட்டிலொரு பங்குக் கணக்கு: டி8 எட்டில் எட்டு, அதாவது ஓர் அங்குலம். டி12, டி8 நான்கடி டியூப்கள் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காரும். டி5 கொஞ்சம் குட்டை, முனையும் வேறு. அது எப்போதும் எலெக்ட்ரானிக் பலாஸ்ட்டோடுதான் வரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாற்ற நான்கு வழிகள்

புறக்கோட்டையில் ஒரே நீளத்தில், ஒரே தோற்றத்தில், இரண்டு மடங்கு விலை வித்தியாசத்தில் டியூப்கள் அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். வித்தியாசத்துக்குத் தரம் மட்டும் காரணமில்லை. அவை வெவ்வேறு சர்க்கியூட்டுகளுக்கானவை.

1. *சோக்கோடு மாட்டுவது.* பழைய டியூப்பைக் கழற்றி எல்.ஈ.டி.யை மாட்டி, ஸ்டார்டருக்குப் பதில் பெட்டியில் கூடவே வரும் எல்.ஈ.டி. ஸ்டார்டரைப் போடுவது. பார்க்க ஸ்டார்டர் போலவே இருக்கும், உள்ளே இருப்பது ஒரு பியூஸ் மட்டும். வயரிங்கில் கை வைக்க வேண்டாம். பழைய ஸ்டார்டரை அப்படியே விட்டால் எரியாது, அல்லது துடிக்கும். பிறகு "டியூப் பழுது" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

2. *எலெக்ட்ரானிக் பலாஸ்ட்டோடு மாட்டுவது.* இதற்கென்றே செய்த டியூப் வேண்டும், விலையும் கூட. உங்கள் பலாஸ்ட்டின் மாடல், டியூப் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் இருக்க வேண்டும். பத்து வருடப் பலாஸ்ட் ஒன்று நாளைக்குப் போனால் நல்ல டியூப்பும் இருளும்.

3. *நேரடி மின்சாரம்.* சோக், ஸ்டார்டர், பலாஸ்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 230 வோல்ட்டை நேரே டியூப்புக்குக் கொடுப்பது. இதில் இரண்டு உள்வகை: லைவ் (மின்சாரம் வரும் வயர்), நியூட்ரல் (திரும்பிப் போகும் வயர்) இரண்டும் ஒரே முனைக்கு வருவது ஒன்று, ஒரு முனைக்கு லைவும் மறுமுனைக்கு நியூட்ரலும் வருவது மற்றது.

4. *பிட்டிங்கையே மாற்றுவது.* இரண்டடிச் சதுர சீலிங்கில் 18 வாட் டியூப் நான்கு போட்ட பழைய பிட்டிங் இருந்தால் பெரும்பாலும் இதுதான் சரி. சோக்குகளோடு சேர்த்து 85 வாட்டுக்கு மேல் இழுக்கும் அதை இறக்கிவிட்டு 36 முதல் 40 வாட் வரையான ஒரு பேனலை வைத்தால் வேலை முடிந்தது. நான்கு டியூப்களை வாங்கி, அவற்றின் முனைகள் செருகும் பிடிகளைத் திருத்துவதில் அர்த்தமில்லை.

சோக்கை உள்ளே விட்டால் அது கரண்டைத் தின்னும் என்ற பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய 36 வாட் டியூப் சோக் வழியாக 0.43 ஆம்பியர் இழுத்தது. 18 வாட் எல்.ஈ.டி. இழுப்பது ஏறத்தாழ 0.08 முதல் 0.1 வரை. சோக்கின் செப்புச் சுற்றில் வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப இருப்பதால், அந்த நட்டம் இருபதில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். பயப்படும்படி எதுவுமில்லை.

உண்மையில் பார்க்க வேண்டியது பிட்டிங்குக்குள் இருக்கும் கெப்பாசிட்டரை. சோக்கினால் கெடும் பவர் பாக்டரை (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கை) திருத்த வைத்தது அது, 36 வாட் டியூப்புக்கு 4 மைக்ரோபாரட் அளவில் இருக்கும். சோக் வேலையில்லாமல் போன பின்னும் அது தனியே 66 வோல்ட் ஆம்பியரை எதிர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். 18 வாட் விளக்குக்கு 66 என்பது கோமாளித்தனமான கணக்கு. மாதக் கட்டணத்தில் கே.வி.ஏ. கேள்வி (உச்சமாக இழுத்த அளவுக்குத் தனியே கட்டும் தொகை) உள்ள நிறுவனம் என்றால் கட்டாயம் கழற்றச் சொல்லுங்கள்.

ஆபத்து எங்கே

நேரடி வழியில் செலவு குறைவு, பிற்காலத் தொல்லையும் குறைவு. என் கணிப்பில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு அதுவே பொருந்தும். ஆனால் உயிருக்கு ஆபத்து வரக்கூடிய வழியும் அதுதான்.

இரு முனைக்கும் தனித்தனியே மின்சாரம் போகும் வகையில், ஒரு முனையைப் பிடிக்குள் செருகிவிட்டு மறுமுனையைக் கையில் வைத்திருக்கும் அந்த இரண்டு விநாடியில் டியூப்பின் வழியே மின்சாரம் கைக்கு வரலாம். ஏணியின் மேல் நிற்பவருக்குச் சிறு அதிர்ச்சியே போதும், மீதியை விழுகை பார்த்துக்கொள்ளும். ஐ.இ.சி. 62776 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரம் இதைத் தடுக்கும் ஏற்பாடு டியூப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பெட்டியில் அந்த எண் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தாலும் சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறாதீர்கள், பிரேக்கரை இறக்குங்கள். பழைய கட்டடங்களில் சுவிட்ச் லைவுக்குப் பதில் நியூட்ரலை வெட்டுவதுண்டு, அணைத்த பின்னும் பிட்டிங்கில் லைவ் நிற்கும். இந்தத் தப்பு வருடக்கணக்காகத் தெரியாமல் கிடந்து, எல்.ஈ.டி. போட்ட அன்று இரவு வெளிச்சத்துக்கு வரும்: சுவிட்சை அணைத்த பிறகும் டியூப் மங்கலாக ஒளிரும். டியூப்பைக் குறை சொல்லாமல் சுவிட்சின் வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே முனைக்கு மின்சாரம் வரும் வகையில் செருகும்போது பயம் குறைவு. அங்கே ஆபத்து பிறகு வரும். இரண்டு வருடம் கழித்து ஒரு டியூப் போகிறது; ஸ்டோரில் கிடந்த பழைய டியூப் ஒன்றை யாரோ எடுத்து மாட்டுகிறார். சோக் இல்லாத அந்த முனையில் 230 வோல்ட் முழுவதும் மெல்லிய இழையில் பாய்ந்து, ஒரு வெடிப்போடு பிரேக்கர் விழும். எல்.ஈ.டி. டியூப்பையே தலைகீழாக மாட்டினாலும் சிலவற்றில் இதே கதைதான், மறுமுனை உள்ளே ஷோர்ட் செய்யப்பட்டிருக்கும்.

ஆகையால், வேலை செய்யும் வயரிங் பாஸிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டியவை:

1. கட்டடம் முழுவதும் ஒரே வழி. ஒரு அறையில் சோக்கோடு, அடுத்த அறையில் நேரடி என்று கலக்கக் கூடாது.
2. மாற்றிய ஒவ்வொரு பிட்டிங்கிலும் "எல்.ஈ.டி. மட்டும்" என்று ஸ்டிக்கர், மின்சாரம் வரும் முனையில் அடையாளம். தமிழிலும் சிங்களத்திலும் இருந்தால் நல்லது. நாளை ஏணியில் ஏறப்போவது யார் என்று யாருக்குத் தெரியும்?
3. மிச்சமிருக்கும் பழைய டியூப்களை ஸ்டோரிலிருந்து அகற்றுவது.
4. வெடித்துப்போன, மஞ்சளாகி உடையும் பிடிகளை மாற்றுவது. காலி வீதியின் கடற்பக்கக் கட்டடங்களில் உப்புக்காற்று பிடியின் பித்தளையைத் தின்றிருக்கும். தொடுகை சரியில்லாத இடம் சூடாகும்.
5. மின்வெட்டில் எரியும் அவசர விளக்குப் பிட்டிங்குகளைத் தனியாக விடுவது. டியூப் லைட்டுக்குச் செய்த அவசரப் பெட்டி எல்.ஈ.டி.யை எரிக்கும் என்ற உத்தரவாதமில்லை.

மாற்றிய பிறகு சுவிட்சைப் போடும்போதெல்லாம் பிரேக்கர் விழுந்தால் திகைக்க வேண்டாம். எல்.ஈ.டி. டிரைவர்கள் தொடங்கும் கணத்தில், ஒரு விநாடியின் மிகச் சிறு துளிக்கு, வழமையைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ஒரே சுவிட்சில் நாற்பது டியூப் இருந்தால் அது கூடிவரும். டியூப்களை இரண்டு மூன்று சுவிட்சுகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் சரியாகிவிடும்.

கரண்ட் பில்லில் எவ்வளவு குறையும்

விற்பவர்கள் "பாதிக்குப் பாதி" என்பார்கள். எதிலிருந்து பாதி என்று கேட்க வேண்டும். 80 டியூப் உள்ள அலுவலகம், நாளுக்கு 9 மணி நேரம், வருடத்துக்கு 250 நாள் என்று வைப்போம். மொத்தம் 2,250 மணி நேரம். கட்டணம் 2022க்குப் பிறகு பலமுறை ஏறி இறங்கியிருப்பதால், கணக்குக்காக அலகுக்கு 30 ரூபா என்று எடுக்கிறேன். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. *சோக் வகை:* டியூப் 36 வாட், சோக் 9 வாட், மொத்தம் 45. எல்.ஈ.டி. 18 வாட். ஒரு டியூப்புக்கு 27 வாட் மிச்சம். 80 டியூப்புக்கு 2.16 கிலோவாட். வருடத்துக்கு 4,860 அலகு, 1,45,800 ரூபா.
2. *டி5, எலெக்ட்ரானிக் பலாஸ்ட்:* ஏற்கெனவே 31 வாட் அளவில்தான் எரிகிறது. மிச்சம் 13 வாட். வருடத்துக்கு 2,340 அலகு, 70,200 ரூபா.

அதே 80 டியூப், அதே 18 வாட் எல்.ஈ.டி., ஆனால் மிச்சம் பாதிக்கும் குறைவு. டி5 உள்ளவர்கள் அவசரப்படாமல் டியூப் போகப் போக மாற்றலாம் என்பது இதனால்தான்.

கொழும்பில் இன்னொரு வரவும் உண்டு. விளக்கு தின்னும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகிறது, அந்தச் சூட்டை ஏ.சி. வெளியே தள்ள வேண்டும். மூன்று வாட் சூட்டைத் தள்ள ஏறக்குறைய ஒரு வாட் மின்சாரம் என்று பிடித்தால், வருடம் முழுவதும் ஏ.சி. ஓடும் அலுவலகத்தில் மேற்சொன்ன மிச்சத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளலாம். முதல் கணக்கில் அது இன்னும் 1,620 அலகு.

நேரத்துக்கேற்ற கட்டணம் உள்ளவர்களுக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை அலகு விலை உச்சம். இரவு எட்டரை வரை திறந்திருக்கும் வெள்ளவத்தைத் துணிக்கடைக்கு, ஐந்தரைக்குப் பூட்டும் கந்தோரைவிட எல்.ஈ.டி. சீக்கிரமாகவே காசைத் திருப்பித் தரும்.

வாட் குறைந்தால் வெளிச்சமும் குறையுமா

வாட் என்பது தின்னும் மின்சாரம். வெளிச்சத்தின் அளவு லூமன். மேசையில் வந்து விழுவது லக்ஸ். எழுத்து, கணினி வேலைக்கு மேசையில் 500 லக்ஸ் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. தொழிற்சாலைகளில் போதுமான வெளிச்சம் வேண்டும் என்பதை 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் சொல்கிறது.

நல்ல 36 வாட் டியூப் புதிதில் 3,300 லூமன் தரும். மலிவான 18 வாட் எல்.ஈ.டி. தருவது 1,800 முதல் 2,000 வரை. அப்படியிருந்தும் பல இடங்களில் வெளிச்சம் குறைந்ததாகத் தெரிவதில்லை. பழைய டியூப் சுற்றிலும் ஒளி விடுகிறது, மேல்நோக்கிப் போவதில் நிறைய பிட்டிங்குக்குள்ளேயே வீணாகிறது. எல்.ஈ.டி. கீழ்நோக்கி மட்டும் விடுகிறது. மூடிய பிட்டிங்கில் இது லாபம். வெறும் பட்டியில் மாட்டிய டியூப்பில் இது நட்டம்: முன்பு வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பிய ஒளி இப்போது வராது, கூரை இருண்டு அறை குகை போலத் தோன்றும். அங்கே 2,500 லூமனுக்கு மேற்பட்ட டியூப்பாகக் கேளுங்கள். எதற்கும் முதலில் ஒரு அறையில் மட்டும் மாட்டி, கைபேசி லக்ஸ் செயலியால் அதே மேசையில் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். செயலியின் எண் துல்லியமாக இராது, ஒப்பிடப் போதும்.

நிறத்தில் 6,500 கெல்வின் நீலவெள்ளைதான் இங்கே பழக்கம். நாள் முழுக்க உட்காரும் அலுவலகத்துக்கு 4,000 கண்ணுக்கு இதமானது என்பது என் அபிப்பிராயம், பலர் மங்கல் என்பார்கள். நிறத்தை உள்ளபடி காட்டும் திறன் (பெட்டியில் சி.ஆர்.ஐ., CRI) வேறு விஷயம். நூற்றுக்குக் குறைந்தது 80 இருக்க வேண்டும். சேலை விற்பவர்களும் செட்டியார் தெரு நகைக்கடைக்காரர்களும் அச்சகத்தாரும் 90க்கு மேல் தேடுவது நல்லது. 70இல் சிவப்பு மண்ணிறமாகிவிடும், வாங்கியவர் தெருவுக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்.

எல்.ஈ.டி.யும் துடிக்கும். டிரைவரில் காசை மிச்சம் பிடித்தவை சோக் டியூப் போலவே விநாடிக்கு 100 தடவை துடிக்கும், சிலருக்குத் தலையிடி தரும். கடையிலேயே எரியவிட்டு, முன் சொன்ன கைபேசிச் சோதனையைச் செய்யலாம். கடைசல் இயந்திரம், வெட்டும் இயந்திரம் உள்ள பட்டறைக்கு இது தலையிடியோடு நிற்காது. நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும் இயந்திரம் ஒரு சுற்றுக்கு நான்கு துடிப்பைச் சந்திக்கிறது, அதில் நான்கு கை உள்ள பாகம் நின்றுவிட்டதுபோலத் தோன்றலாம். கையை நீட்டினால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆயுள்: பெட்டியில் உள்ளதும் கூரையில் நடப்பதும்

பெட்டியில் 30,000 மணி, 50,000 மணி என்று இருக்கும். அது பெரும்பாலும் எல்.ஈ.டி. சில்லுக்குரிய எண். முதலில் போவது டிரைவருக்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டர், அதைக் கொல்வது சூடு. 10 பாகை கூடினால் அதன் ஆயுள் பாதி என்பது பொறியியலாளர்களின் கைக்கணக்கு. காற்றோட்டமில்லாத, முற்றாக மூடிய பிட்டிங்கில் கொழும்பு வெயில் நாளில் எவ்வளவு சூடு நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். இடிமின்னல் காலத்தில் மின்னழுத்த உதையும் அதே டிரைவரைத்தான் தாக்கும். ஆகவே மணிக்கணக்கைவிட எழுத்தில் உள்ள உத்தரவாத வருடங்களைப் பார்த்து வாங்குங்கள். அதைத் தந்த கடை எதிர்காலத்தில் இருக்குமா என்பதையும்.

கழற்றியதை என்ன செய்வது

ஒரு டியூப்பில் உள்ள பாதரசம் கொஞ்சம். 80 டியூப்பை உடைத்துக் குப்பை லொறியில் ஏற்றினால் அது கொஞ்சமில்லை. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். வேலையைக் கொடுக்கும்போதே பழைய டியூப்களை அவர்களிடம் சேர்ப்பது யார் என்று விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். ஒன்று உடைந்தால் ஏ.சி.யை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, ஆட்களைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்புங்கள். தும்புத்தடியும் வேக்குவமும் வேண்டாம், தூளைக் காற்றில் கிளப்பிவிடும். கட்டியான காகித மட்டையால் அள்ளி, மிச்சத்தை ஈரத்துணியால் ஒற்றி, மூடியுள்ள போத்தலில் போடுங்கள். அப்புறம், எல்.ஈ.டி. வந்த நீள அட்டைப் பெட்டிகளை வயரிங் பாஸ் நசுக்கி எறிவதற்கு முன் வாங்கி வையுங்கள். நான்கடிப் பழைய டியூப்கள் உடையாமல் உட்கார அதைவிடப் பொருத்தமான பெட்டி கிடைக்காது.